கோணல் முத்தும் முத்துசுவாமியும் – உங்களுக்குத் தெரியுமா?

பழவேற்காட்டுக் கரையில் புறப்பட்டு மணலி, எட்டயபுரம், பாரிஸ் என்று சுற்றி வரும் சில இசைத் துணுக்குகள்.

● ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை கொடிகட்டிப் பறந்த இசைக்கு 'பரோக்' என்று பெயர். போர்ச்சுக்கீசிய மொழியில் 'பர்ரோக்கோ' என்றால் உருண்டு திரளாத கோணல் முத்து. அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். வியாபாரி ஒதுக்கித் தள்ளும் முத்தின் பெயரே பாக், ஹாண்டல், விவால்டி எல்லோருக்கும் நிலைத்துவிட்டது.

● பழவேற்காடு ஏரிக்கரையில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 வரை அதுதான் தலைமையிடம். பரோக் காலத்தில் சரிபாதி அங்கேயே கழிந்திருக்கிறது! கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றன.

● டச்சுக் கப்பல்களில் பழவேற்காட்டுத் துணிகள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஆம்ஸ்டர்டாமும் ஒன்று. வெனிஸ்காரரான விவால்டி தன் புகழ்பெற்ற 12 கான்செர்ட்டோக்களை 1711-ல் அச்சுக்குக் கொடுத்ததும் அதே ஆம்ஸ்டர்டாமில்தான். நல்ல அச்சுக்கு அன்று அந்த ஊர்தான் பேர்போனது.

● ஹாண்டல் 1685-ல் ஜெர்மனியின் ஹால்லே நகரில் பிறந்தார். அதே ஊரில் படித்துவிட்டு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் பாதிரியார் சீகன்பால்க். அவருடைய அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் ஹால்லேதான்.

● இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாட்டு 1745 செப்டம்பரில் லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் முழங்கியது. அப்போது ஹாண்டல் அதே லண்டனில் வாழ்ந்துகொண்டிருந்தார். அரங்குக்காக அந்த மெட்டை ஒழுங்கு செய்து கொடுத்தவர் தாமஸ் ஆர்ன் என்ற இசையமைப்பாளர். இந்த மெட்டை நினைவில் வையுங்கள், சில துணுக்குகள் கழித்து மணலிக்கு வரப்போகிறது.

● முத்துசுவாமி தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் அருளால் பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். தந்தை ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். கச்சேரியில் தொடக்கப் பாட்டாக நாம் கேட்டுப் பழகிய 'வாதாபி கணபதிம்', தந்தை தந்த ராகத்தில் மகன் செய்தது.

● இன்று மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் கண்ணுக்கு வரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர், கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷிகளாக இருந்த முதலியார் குடும்பத்தின் ஊர். முத்துகிருஷ்ண முதலியார் ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்தார். அவர் மகன் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார்.

● கேட்டுவிட்டு அண்ணன் பாட்டு எழுதினார், தம்பி பாலுசுவாமி வயலினைக் கையில் எடுத்தார். ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் பயின்று, அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். நின்றபடி தாடையில் இடுக்கி வாசிக்கும் வாத்தியம் இங்கே தரையில் உட்கார்ந்துகொண்டது. மேல்முனை நெஞ்சோடு ஒட்டி, சுருள்முனை வலது கணுக்காலில் சாய்ந்தது. இப்படி அசையாமல் நின்றுவிட்டால் இடது கை நரம்பின் மேல் தாராளமாக வழுக்கி ஓடலாம். கமகத்துக்கு வேண்டியது அதுதானே!

● முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களில் தஞ்சை நால்வரும் உண்டு. அவர்களில் வடிவேலுவின் வயலினில் மயங்கிய சுவாதித் திருநாள் மகாராஜா, 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

● பேண்டு கேட்டு அண்ணன் முத்துசுவாமி எழுதியவற்றுக்கு 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். மேல்நாட்டு 'நோட்'டும் நம் 'ஸ்வர'மும் ஒட்டிப் பிறந்த சொல். முப்பதுக்கு மேல் இருக்கின்றன. மெட்டு பேண்டுக்காரர்களுடையது, சாகித்தியம் சமஸ்கிருதம், ராகம் சங்கராபரணம். கமகம் கிடையாது, சுரங்கள் படிக்கட்டு போல ஒவ்வொன்றாக நிற்கும். குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். ட்ரூரி லேனில் 1745-ல் முழங்கிய அரச வாழ்த்து, மணலி வழியாக 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. மன்னரைக் காக்கச் சொன்ன மெட்டு, அம்பாளிடம் 'என்னைக் காப்பாய்' என்று கேட்கத் தொடங்கிவிட்டது.

● 'வந்தே மீனாக்ஷி' என்ற நோட்டுஸ்வரத்தைக் கேட்டால் அயர்லாந்துக்காரர் காதைத் தீட்டுவார். அது 'லிமெரிக்' என்னும் அயர்லாந்து மெட்டு!

● தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்தார் சுப்பராம தீட்சிதர். பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனான அவரைப் பாலுசுவாமியே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். குடும்பத்தில் வாய்வழி வந்த கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலாக எட்டயபுரத்திலேயே தெலுங்கில் அச்சிட்டார். தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா எழுதியவர் அதே எட்டயபுரத்துப் பாரதி.

● 'பிரதர்சினி' பிறக்கத் தூண்டுகோலாக இருந்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். கர்நாடக இசையை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-ல் சென்னையில் நூல் வெளியிட்டவர். வெள்ளைக்கார மெட்டு நம் சுரத்துக்கு வந்து ஏறத்தாழ நூறு ஆண்டில், நம் சுரம் வெள்ளைக்காரக் கோட்டில் ஏறிவிட்டது.

● நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இசைப் பதிவுகளில் ஒன்று ஹாண்டலுடையது. 1888 ஜூன் 29 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஏறத்தாழ 4,000 பேர் சேர்ந்து பாடிய அவருடைய 'எகிப்தில் இஸ்ரேல்' எடிசனின் மெழுகு உருளையில் பதிவானது. கருவி இருந்தது பாடகர்களிடமிருந்து சுமார் நூறு கஜம் தள்ளி. இன்று கேட்டால் இரைச்சலுக்குள்ளிருந்து தூரத்துக் கடலலை போல ஏறி இறங்கும் குரல்கள்தான் கிடைக்கும்.

● இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதலில் பதிவு செய்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அன்று தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாடியது யாரென்று அங்குள்ள தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஹானோவரில்தான் 1710-ல் ஹாண்டல் அரண்மனை இசைத் தலைவராக இருந்தார்!

● அந்தத் தட்டுகளுக்கு உயிர்நாடி அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரந்த பிசின். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். சவுக்க காலத்தில் யானை நடையாக நடக்கும் தீட்சிதர் கீர்த்தனைக்கு அந்த இடம் பல்லவியோடும் அனுபல்லவியோடும் தீர்ந்துவிடும்.

● வீணை தனம்மாள் மீட்டுகோல் போடாமல் விரலாலேயே மீட்டுவார். ஜார்ஜ் டவுன் வீட்டில் அவருடைய வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் மூச்சு விடவும் தயங்கி உட்கார்ந்திருப்பார்கள், நாதம் அவ்வளவு மென்மை. சாத்தனூர் பஞ்சு ஐயர் வழியாகத் தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடம் செய்த அந்தக் கையின் வாசிப்பு 1930-களில் தட்டில் ஏறியது. அவர் மறைந்தது 1938-ல்.

● இங்கிருந்து பாரிஸுக்குப் போன தட்டும் உண்டு. ராவெலின் மாணவரான பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், பாடகி கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டில் மனம் பறிகொடுத்தார். அதைக் கேட்டு அவர் எழுதிய பியானோ இசைக்குப் பெயர் 'ராகமாலிகா'. அவருடைய 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற தொகுப்பில் முதல் பாட்டின் தலைப்பு 'மதராஸ்'.

● கடைசியாக மீண்டும் பழவேற்காடு. ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று ஒருவர் வலை விரித்த இடத்தில் நாளை இன்னொருவர். 1745-ன் மெட்டுக்கும் இப்படித்தான் முறை வந்திருக்கிறது: முதலில் லண்டன் அரங்கு, அடுத்துக் கோட்டை பேண்டு, அடுத்து மணலியில் தீட்சிதர். இந்த வாரம் ஏதோ ஒரு பாட்டு வகுப்பில் ஒரு சிறுமியின் பாடு.