வன்னி மரமும் வெள்ளை மானும்

வளைகுடா நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளிடம் பாலைவனத்தை ஒரு படமாக வரையும்படி கேட்டுப் பாருங்கள். தாள் முழுவதும் மஞ்சள் நிறம் பூசுவார்கள். நடுவில் ஓர் ஒட்டகம், ஓரத்தில் ஒரு பேரீச்சை மரம். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். பெரியவர்களாகிய நாமும் டுபாயிலிருந்து அல் ஐனுக்குக் காரில் போகும்போது யன்னலால் எட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லாத வெறும் மணல்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மணலில் குடியிருப்பவர்களைப் பற்றி இம்முறை எமது சிறுவர்களோடு பேச விரும்புகிறோம். பெற்றோரும் கூட இருந்து வாசித்துக் காட்டினால் நல்லது.

சிறுவர்களே! ஒரு விலங்கோ பறவையோ உயிர்வாழ நான்கு காரியங்கள் வேண்டும். உணவு, நீர், ஒதுங்க ஓர் இடம், குஞ்சு குட்டிகளை வளர்ப்பதற்குப் பாதுகாப்பு. இந்த நான்கும் கிடைக்கும் இடமே அதன் வாழிடம். தவளைக்குக் குளம் வாழிடம். தூக்கணாங்குருவிக்குப் பனைமரம் வாழிடம். ஓரிடத்திலுள்ள மண், நீர், வெயில், செடி, பிராணி எல்லாம் ஒன்றையொன்று நம்பி நிற்பதைத்தான் சூழல் தொகுதி என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது.

பாலைவனத்திலும் அப்படி ஒரு தொகுதி உண்டு. அதற்குத் தூண் போல நிற்பது ஒரு மரம். அரபு மக்கள் அதனைக் 'காஃப்' என்று அழைக்கிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசிய மரம் அதுதான். 2019ஆம் ஆண்டு அந்நாட்டில் 'சகிப்புத்தன்மை ஆண்டு' கொண்டாடப்பட்டபோது அதன் சின்னமாகவும் இந்த மரமே இருந்தது.

இந்தக் காஃப் மரம் எமக்கு அந்நியமானதல்ல. அது எங்கள் வன்னி மரந்தான்! விருத்தாசலம் கோவிலின் தலவிருட்சம் வன்னி. எமது ஊர்க் கோவில்களில் விசயதசமி நாளில் நடக்கும் 'வன்னி வாழை வெட்டு' உங்கள் அம்மம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். அதே மரம் இங்கே அரபு மணலில் எப்போதிருந்தோ வேரூன்றி நிற்கிறது.

சாதாரண வேரல்ல. 30 மீற்றர் ஆழத்துக்கும் கீழே போய் நீரைத் தேடும் வேர். பத்து மாடிக் கட்டடமொன்றைத் தலைகீழாக மண்ணுக்குள் புதைத்தால் எவ்வளவு ஆழமோ, ஏறக்குறைய அவ்வளவு. அதனால்தான் கோடையில் 45 பாகை வெயில் அடிக்கும்போதும் வன்னி பச்சையாக நிற்கிறது. அதன் இலையையும் காயையும் ஆடும் ஒட்டகமும் தின்னும். கிளைகளில் பறவைகள் கூடு கட்டும். உதிர்ந்த சருகு மணலுக்கு உரமாகும். அந்த நிழலில் புல் முளைக்கும். புல்லைத் தின்ன வெட்டுக்கிளி வரும், வெட்டுக்கிளியைப் பிடிக்கப் பல்லி வரும், பல்லியைத் தேடி வல்லூறு வரும். ஒரு மரத்தை வெட்டினால் எத்தனை பேருடைய வீடும் சாப்பாடும் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நிழலை நாடி வருகிறவர்களில் மிகவும் அழகானவர் ஒருவர் உண்டு. கட்டார் நாட்டு விமானங்களின் வாலில் நீண்ட கொம்புள்ள ஒரு விலங்கின் தலையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஓரிக்ஸ் என்னும் அரபு வெள்ளை மான். அதன் வெண்மையான உடல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அகன்ற குளம்புகள் மணலில் புதையாமல் நடக்க உதவும். நண்பகலில் முன்னங்காலால் மேல்மணலைக் கிளறிவிட்டு, கீழேயுள்ள குளிர்ந்த மணலில் படுத்துக்கொள்ளும். நீர் குடிக்காமல் பல நாட்கள் இருக்கும். தின்னும் செடியிலுள்ள ஈரமே அதற்குப் போதும்.

வெயிலை வென்ற இந்த மானால் துப்பாக்கியை வெல்ல முடியவில்லை. மோட்டார் வண்டிகளில் ஏறித் துரத்திச் சுடுகிற வேட்டைக்காரர்கள் வந்தார்கள். கூட்டங்கள் அழிந்தன. 1972இல் ஓமான் நாட்டில் கடைசி மானும் கொல்லப்பட்டதோடு, உலகில் சுதந்திரமாகத் திரிந்த ஓரிக்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆனால் சில மான்கள் முன்னரே அந்நிய தேசம் போயிருந்தன. ஆபத்தை உணர்ந்த சிலர் 1962இல் அரேபியாவின் தென்பகுதியில் மிஞ்சியிருந்தவற்றில் சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பினார்கள். லண்டன், குவைத், சவூதி அரேபியா ஆகிய இடங்களில் வளர்க்கப்பட்டவையும் சேர்ந்து ஒன்பது மான்களுடன் ஒரு கூட்டம் உருவானது. அபுதாபியில் சேக் சயீத் அவர்களும் அல் ஐனில் இவற்றை வளர்க்க ஏற்பாடு செய்தார். அந்நிய மண்ணில் குட்டிகள் பிறந்தன, பெருகின. 1982இல் அவற்றின் வாரிசுகள் ஓமானின் ஜித்தாத் அல் ஹராசிஸ் சமவெளிக்குத் திரும்பிவந்து திறந்துவிடப்பட்டன. அந்த மான்கள் தமது பாட்டன் பூட்டன் நடந்த மண்ணில் நடந்தன.

கதை அத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சிதான். 1994இல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1996இல் அங்கே 450 மான்கள் இருந்தன. பின்னர் களவாகப் பிடிப்பவர்கள் புகுந்தார்கள். எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பு 90 வீதம் குறைக்கப்பட்டது. 2007இல் மிஞ்சியவை 65 மட்டுமே. அந்த ஆண்டு யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் உலகிலேயே அதுதான்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஓர் உயிரைக் காப்பாற்றி வைத்தால் மட்டும் போதாது. அது திரும்பிப் போய் அச்சமின்றி வாழ்வதற்கு அதன் வீட்டையும் காப்பாற்ற வேண்டும். ஊரை விட்டு வந்த எமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நல்ல செய்தியும் உண்டு. வாழிடத்தைக் காத்த இடங்களில் மான் மீண்டது. டுபாயில் 225 சதுர கிலோமீற்றர் பாலைவனம் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே வன்னி மரங்களின் கீழ் ஓரிக்ஸ் கூட்டங்கள் இளைப்பாறுகின்றன. காட்டு நிலையில் அற்றுப்போன இனம் என்று குறிக்கப்பட்ட ஓரிக்ஸ், 2011இல் சர்வதேசப் பட்டியலில் ஆபத்துக் குறைந்த படிக்கு உயர்த்தப்பட்டது. அற்றுப்போன நிலையிலிருந்து இவ்வளவு தூரம் மீண்ட முதல் விலங்கு இதுவே.

குளிர்காலத்தில் விடுமுறை நாளொன்றில் டுபாயின் அல் குத்ரா பக்கம் போய்ப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளை மானைத் தூரத்திலிருந்து காணலாம். கிட்டப் போகவோ தீனி போடவோ வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்ரிக் பைகளைத் திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவாருங்கள். அவற்றைத் தின்று வயிறு அடைத்து இறக்கும் ஒட்டகங்கள் பல. மரத்தின் கீழ் நெருப்பு மூட்டாதீர்கள், கிளையை முறிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாலைவனத்தை இன்னொரு முறை வரையுங்கள். ஒரு வன்னி மரம், அதில் ஒரு கூடு, கீழே புல், புல்லில் ஒரு வெட்டுக்கிளி, நிழலில் படுத்திருக்கும் தாய் மான், பக்கத்தில் அதன் குட்டி. வரைந்ததை எமக்கும் அனுப்பிவையுங்கள். நல்ல படங்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.