காவிரியின் திமில் மீன்

ஒகேனக்கல்லில் மசாலா தடவி வறுத்துத் தரும் மீன்களில் கட்லா, ரோகு, ஜிலேபி என்று எதைக் கேட்டு வாங்கினாலும் அது காவிரிக்கு வெளியிலிருந்து வந்தது. கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை, ஜிலேபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் பிறக்காத பெருமீன் ஒன்று உண்டு: திமில் மகசீர். அதை 2018-இல், அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கெண்டை இனம்தான். ஆனால் முதுகைப் பார்த்தால் ஆலம்பாடிக் காளையின் திமில் நினைவுக்கு வரும். பொன்னிற உடம்பு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் இல்லாமல் இது இனம் பெருக்காது. மழைக்காலப் புதுவெள்ளத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிப் போய் முட்டையிடும்.

அழிவின் விளிம்பில் நிற்கும் நீர்வாழ் உயிர் என்றதும் உலகம் பேசுவது மெக்சிகோவின் வாகிட்டாவைப் பற்றி. ஒன்றரை மீட்டர் நீளம்கூடத் தாண்டாத கடற்பன்றி அது. கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனை மட்டுமே அதன் வீடு. 1997-இல் 567 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இன்று பத்தை ஒட்டித்தான். அதை யாரும் வேட்டையாடவில்லை. தோதுவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கொள்ளை விலை. அந்த மீனுக்கு விரிக்கும் செவுள் வலையில் வாகிட்டா சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. எதனால் சாகிறது என்பதாவது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நம் மீனின் கதையில் அந்தத் தெளிவுகூட வெகுநாள் இல்லை. அணைகள் வழியை அடைத்தன. 1934-இல் எழுந்த மேட்டூர் அணை அவற்றில் ஒன்று. மணல் அள்ளியதில் படுகை கெட்டது. தோட்டா போட்டுப் பிடிப்பவர்களுக்குக் குஞ்சு, தாய் என்ற கணக்கே கிடையாது. இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தவை. நல்லது செய்வதாக நினைத்துச் செய்த காரியம்தான் யார் கண்ணிலும் படவில்லை. லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கையாகப் பொரிக்கக் கற்றார்கள். கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த அந்த மீனின் குஞ்சுகள் 1970-களிலிருந்து காவிரியிலும் விடப்பட்டன. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகக் காட்டில் கலிபோரே என்ற தூண்டில் முகாம் இருந்தது. பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 1998 முதல் 2012 வரை அங்கே எழுதி வைத்த 6,161 மகசீர்களின் கணக்கை ஆய்வாளர்கள் அலசினார்கள். எண்ணிக்கை என்னவோ ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறியது நீலத்துடுப்பு. திமில் மகசீர் அந்தக் கணக்குக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது. இடத்துக்கும் இரைக்குமான போட்டியில் அது தோற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஐயம். மொத்தமாக 'மகசீர்' என்று எண்ணினால் வேறென்ன தெரியும்?

இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிக் கொண்டாடிய இந்த மீனுக்கு 2018 வரை முறையான அறிவியல் அடையாளம் இல்லை. அது இல்லாமல் சிவப்புப் பட்டியலில் இடமும் இல்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகசீரை 2007-இல் கேரள ஆய்வாளர்கள் 'டோர் ரமாதேவீ' என்று பதிவு செய்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணிபுரிந்த மீனியல் அறிஞர் ரமாதேவியைப் பெருமைப்படுத்த வைத்த பெயர். காவிரிப் படுகையிலேயே ஓடும் மாயாற்றில் பிடித்த திமில் மீனோடு மரபணுவை ஒப்பிட்டபோதுதான் இரண்டும் ஒன்று என்று உறுதியானது.

இன்று இது மிஞ்சியிருக்கும் முக்கிய இடமாகச் சொல்லப்படுவது அந்த மாயாறுதான். தருமபுரிப் பக்கம் 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டதால் கரைக்காட்டுக்குக் காவல் கிடைத்திருக்கிறது. ஆற்றில் எந்தக் குஞ்சை விடுவது என்பது தனியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். பரிசல்காரர் கையில் மகசீர் ஏதேனும் சிக்கினால் முதலில் துடுப்பின் நிறத்தைப் பார்க்கலாம்: நீலச் சாம்பல் என்றால் வந்த மீன், ஆரஞ்சு என்றால் அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லலாம்.