கேள்வி கேட்டால் உதை விழாத கூட்டம் எப்போது?

2023 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி நாள் கிராம சபை. விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியத்தில், பிள்ளையார்குளம் ஊராட்சியின் கூட்டம் கங்காகுளத்தில் நடந்துகொண்டிருந்தது. தொகுதி எம்.எல்.ஏ.வும் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஊராட்சிச் செயலரைப் பற்றி விவசாயி ஒருவர் கேள்வி எழுப்பினார். பதில் வாயால் வரவில்லை. செயலர் எழுந்து வந்து, அத்தனை பேர் பார்க்க, அந்த விவசாயியைக் காலால் எட்டி உதைத்தார். கூட்டத்தில் இருந்தவர்களின் செல்போனில் பதிவான காட்சி சில மணி நேரத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். போலீஸ் வழக்கும் பதிவானது.

உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் வாசலில் மெட்டல் டிடெக்டர், பையைச் சோதிக்கும் காவலர், சிசிடிவி கேமரா என்றே யோசனை ஓடுகிறது. பார்வையாளர் பக்கத்திலிருந்துதான் ஆபத்து வரும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். பிள்ளையார்குளத்தில் ஆபத்து மேடைப் பக்கத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பதிவுகளைப் புரட்டினால் இது விதிவிலக்காகத் தெரியவில்லை.

வெளிநாடுகள் கற்ற பாடம்

பார்வையாளர் வரிசையைக் கண்டு உலகம் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாரீஸை ஒட்டிய நான்டேர் நகரில், 2002 மார்ச் மாதம், நகர்மன்றக் கூட்டம் நள்ளிரவைத் தாண்டி நீண்டது. பார்வையாளர் இருக்கையில் கடைசி வரை அமைதியாக உட்கார்ந்திருந்த ஒருவர், கூட்டம் முடிந்ததும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 8 கவுன்சிலர்கள் இறந்தார்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கர்க்வுட் என்ற சிறிய நகரில் 2008 பிப்ரவரி 7 அன்று நடந்ததும் இதே வகைதான். நகராட்சியோடு பல ஆண்டுகள் அபராதம், வழக்கு என்று மல்லுக்கட்டிய உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியே ஒரு காவலரைக் கொன்றுவிட்டு மன்றத்துக்குள் நுழைந்தார். அன்று இரவே 5 பேர் இறந்தார்கள். காயமடைந்த மேயர் சில மாதங்களில் இறந்துபோனார். அந்த மனிதர் யாருக்கும் அந்நியர் அல்லர். முந்தைய கூட்டங்களில் ரகளை செய்து தண்டனை பெற்றவர். பேச்சுரிமை மறுக்கப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கு, சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்புதான் தள்ளுபடி ஆகியிருந்தது.

வாசல் சோதனையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவைச் சொல்லலாம். 1978 நவம்பர் 27 அன்று மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றவர், அதே மன்றத்தின் முன்னாள் உறுப்பினர். வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டரைத் தவிர்க்க அவர் அடித்தளத்து ஜன்னல் வழியாக உள்ளே போனார்.

தமிழர்கள் வாழும் இலங்கைக்கும் இந்த வரலாறு உண்டு. 1998 மே மாதம் யாழ்ப்பாண மேயர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பொன். சிவபாலன், செப்டம்பர் 11 அன்று நல்லூரில் மாநகர சபைக் கட்டடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். போர் முடிந்து ஆண்டுகள் கடந்தும், 2025 அக்டோபரில் வெலிகம பிரதேச சபைத் தலைவர் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே ஆபத்து எந்தப் பக்கம்?

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் 2020 ஜூலையில் ஒரு மன்றக் கூட்டம் நடந்தது. பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில். அந்தப் புகைப்படம் அக்டோபரில் வெளியான பிறகே அரசு அசைந்தது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பாய்ந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினத் தலைவரைக் கொடியேற்றவிடாமல் தடுத்தார்கள். 5 நாட்கள் கழித்து ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார்.

இதைவிடக் கொடிய நாட்களையும் மாநிலம் பார்த்திருக்கிறது. 1997 ஏப்ரல் 23 அன்று மதுரை வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினர் லீலாவதி வெட்டிக் கொல்லப்பட்டார். தன் வார்டு மக்களுக்குக் குடிநீர் கேட்டுப் போராடியவர் அவர். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்த பலரும் பேருந்திலிருந்து இறக்கிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நடந்த படுகொலை அது. இரண்டுமே கூட்ட அரங்குக்கு வெளியே நடந்தவை. எந்த மெட்டல் டிடெக்டரும் தடுத்திருக்க முடியாதவை.

தோல் தொழில் வட்டாரத்திலும் சாதித் தடையின் நிழல் உண்டு. ஆம்பூரை அடுத்த மாதனூர் ஒன்றியம் நாயக்கனேரி மலை ஊராட்சியின் தலைவர் பதவி 2021 தேர்தலில் பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பழங்குடியினர் அதிகம் வாழும் ஊரில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. போட்டியின்றித் தேர்வான பெண், எதிர்ப்பும் வழக்குமாகப் பதவியேற்க முடியாமல் காத்திருக்க நேர்ந்தது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஊராட்சியிலோ நகராட்சியிலோ பொறுப்பில் இருக்கும் பட்டியலின, பழங்குடியின உறுப்பினரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதையே தனிக் குற்றமாக்கியது. நாற்காலி தர மறுப்பது ஊர் வழக்கம் என்று இனி யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

ராணிப்பேட்டையின் சூடு

அதே தோல் தொழில் வட்டாரத்தில், 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான ராணிப்பேட்டை மாவட்டத்தில் 6 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 288 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. வாலாஜாபேட்டை நகராட்சியின் வயது 1866-இலிருந்து தொடங்குகிறது. உள்ளாட்சிக்கு இவ்வளவு நீண்ட மரபு உள்ள இடத்தில் கூட்டங்கள் சூடாவதற்குக் காரணங்களும் நீண்டவை.

சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் அளவில் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு தீர்ப்பும், 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு தீர்ப்பும் தந்திருக்கிறது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல். ஒரு தலைமுறையாகக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாத ஊர்க்காரர் கிராம சபையில் குரலை உயர்த்தினால் அதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று எழுதிவிட முடியாது. அவர் கேட்பது பல ஆண்டுகளாகப் பதில் கிடைக்காத கேள்வி.

கேள்விக்குப் பதில் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லை சாட்சி. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலக வாசல்களின் தோற்றமே மாறிவிட்டது. காவலர்கள் பையைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள். மண்ணெண்ணெயைத் தடுக்க இது தேவைதான். ஆனால் மனு எந்த மேசையில் எத்தனை மாதம் கிடக்கிறது என்று சோதிக்க வாசலில் ஆள் இல்லை.

செலவில்லாத சில ஏற்பாடுகள்

முதலாவது, உட்காரும் இடம். தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள், செயலர், அரசு அனுப்பும் பற்றாளர் ஆகியோர் எங்கே உட்கார வேண்டும் என்பதை எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால், நாற்காலித் தகராறில் பாதி அங்கேயே தீரும். கிராம சபையை மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. எல்லாத் தெருவினரும் அச்சமின்றி வரக்கூடிய இடம் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, பேசும் முறை. அமெரிக்க நகர மன்றங்களில் பொதுமக்கள் பெயரைப் பதிந்துகொண்டு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசுவது வழக்கம். நேரம் எல்லோருக்கும் ஒன்றே. இங்கே மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சே கூட்டம் என்றாகிவிடுகிறது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் பதில் சொல்வது என்று குறித்துக்கொண்டால் கூச்சல் தானாகக் குறையும். கடந்த கூட்டத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதை முதலில் வாசித்துவிட்டால் இன்னும் குறையும்.

மூன்றாவது, பதிவு. பிள்ளையார்குளத்தில் நியாயம் நகர்ந்தது செல்போன் காட்சியால். தெற்குத்திட்டையில் நகர்ந்தது ஒரு புகைப்படத்தால். பாதுகாப்பு என்ற பெயரில் கூட்டத்துக்குள் செல்போனைத் தடை செய்தால் முதலில் காணாமல் போவது சாட்சியம்தான். ஊராட்சியே முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது. 2025 ஆகஸ்டில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அறிமுகப்படுத்திய ‘சபாசார்’ என்ற கருவி, இப்படி எடுத்த பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரித்துத் தருகிறது. பேசாததைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டார்கள் என்ற பழைய சண்டைக்கும் அது மருந்து.

நான்காவது, உடல் நலம். மே 1 கிராம சபை வழக்கமாகக் காலை 11 மணிக்குத் தொடங்குகிறது. வேலூர் வட்டாரத்தில் அந்த மாதம் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மக்கள்தொகை 10,000-க்கு மேல் உள்ள ஊராட்சியில் குறைவெண் வரம்பே 300 பேர். அத்தனை பேரை வெட்டவெளியில் உட்கார வைக்கும்போது பந்தல், குடிநீர், முதலுதவிப் பெட்டி, கூட்டத்தைக் காலை 8 மணிக்கே தொடங்கும் யோசனை எல்லாம் பாதுகாப்பு ஏற்பாடுதான். பழைய நகராட்சிக் கட்டடங்களின் மாடியில் இருக்கும் மன்றக் கூடங்களுக்கு இரண்டாவது வழி ஒன்று திறந்திருக்கிறதா என்பதையும் தீயணைப்புத் துறையினர் பார்க்க வேண்டும்.

போலீஸ்? முன்பே மிரட்டல் இருந்தால், சாதிப் பதற்றம் உள்ள ஊராக இருந்தால், வேண்டும். அங்கே கூட்டத்துக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் கூட வேண்டும். மற்ற இடங்களில் சீருடையைக் கண்டாலே கேள்வி கேட்க வந்த பெண்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருக்கும் மாநிலம் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

வெளியேற்றும் அதிகாரம்

கூட்டத்தைக் குலைப்பவரை வெளியேற்ற முடியாதா? முடியும். அந்த அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் அட்டவணை, மன்றக் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. ஒருவரையோ எல்லோரையுமோ வெளியே போகச் சொன்னால், அதற்கான காரணத்தை மினிட்ஸ் புத்தகத்தில் தலைவர் எழுதியாக வேண்டும் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கேட்ட அந்த ஒரு வரிக் காரணத்தை, 2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வந்த பிறகு நடக்கும் கூட்டங்களிலும் கவுன்சிலர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு. அடுத்து வரப்போகும் தலைவர்களில் பலர் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். அவர்களுக்குத் தரும் பயிற்சியில் வரி, வரவு செலவுக் கணக்கோடு கூட்டத்தை நடத்தும் முறையையும் மாவட்ட நிர்வாகம் சேர்க்க வேண்டும். கிராம சபைக்குப் போகும் வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கேள்வியை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை செல்போனில் பதிவு செய்யுங்கள். அடிதடி நடந்தால் 100-ஐ அழையுங்கள். சாதியின் பெயரால் யாரையாவது தடுத்தால் வன்கொடுமை உதவி எண் 14566 இருக்கிறது.