மேலாண்மைத் திரை திறவாதபோது

பெங்களூர், ஐதராபாத், புனே முதலிய நகரங்களில் கணினித் தொழிலால் வாழும் தமிழர் பலர். அவர்களுட் சிலருக்கு நள்ளிரவிலும் தொலைபேசி மணி ஒலிக்கும். ‘சர்வரின் மேலாண்மைத் திரை திறக்கவில்லை’ என்பது செய்தி. ஒரு மருத்துவமனையின் பதிவேடோ, ஒரு கடையின் கணக்கோ அந்த யந்திரத்தில் இருக்கலாம். அவ்வேளையில் எதனை முதலில் நோக்க வேண்டும், எதனைச் செய்யவே கூடாது என்பதை இன்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, வெப்மின் என்னும் மென்பொருளைக் கொள்வோம். ஜேமி கேமரான் என்பவர் இயற்றி 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட இது, லினக்ஸ் சர்வரை உலாவியின் வழியாக நிர்வகிக்க உதவுகிறது. தனக்கெனச் சிறியதொரு வலைச் சேவையை இயக்கிக்கொண்டு, வழக்கமாக 10000 என்னும் எண்ணுள்ள போர்ட்டில் காத்திருக்கிறது. ஆகவே, இது சர்வரின் உயிர் அன்று. உள்ளே நோக்க அமைத்த சாளரமே. சாளரம் திறக்கவில்லை என்பதனால் வீடு இடிந்துவிட்டதென்று கருதலாகாது.

முதலில், எஸ்.எஸ்.எச். வழியாக யந்திரத்தினுள் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் யந்திரமும் உயிருடன் இருக்கிறது, தொடர்பும் இருக்கிறது. அடுத்து, ‘சிஸ்டம்-சி-டி-எல்’ கட்டளையால் வெப்மின் இயங்குகிறதா என்று கேட்கலாம். நின்றிருந்தால், அதனை மீண்டும் இயக்குவதற்கு முன், நின்ற காரணத்தை அறிதல் நன்று. ‘ஜர்னல்-சி-டி-எல்’ காட்டும் குறிப்புகளும், வெப்மினின் பிழைப் பதிவேட்டின் இறுதி வரிகளும் அதனைக் கூறும். வட்டில் இடம் தீர்ந்ததா என்பதை ‘டி-எஃப்’ கட்டளை காட்டும். இடமிருந்தும் புதிய கோப்பை எழுத முடியாவிடில், ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம். அக்கட்டளையுடன் ‘ஐ’ என்னும் குறியைச் சேர்த்தால் அதுவும் விளங்கும்.

மென்பொருள் இயங்கியும் திரை வரவில்லையெனில், அது எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை ‘எஸ்-எஸ்’ கட்டளையால் அறியலாம். 127.0.0.1 மட்டுமே தென்பட்டால், அக்கதவு வீட்டினுள் இருப்போர்க்கே திறக்கும். உலாவியில் முகவரியை ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்கினோமா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் செவ்வையாக இருப்பின், எஞ்சுவது பயர்வால் என்னும் காவற்சுவர். வாடகைக் கணினியாயின், பெரும்பாலும் யந்திரத்தினுள் ஒரு சுவரும், வாடகைக்கு விடுவோரிடம் மற்றொரு சுவரும் இருக்கும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து சுவரையே நீக்கிவிடுகின்றனர். அது பேராபத்து. வெப்மினின் சில பதிப்புகளில் அயலார் இரகசியமாகப் புகுத்திய தீய நிரல் இருந்தது 2019-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது, 1.930 பதிப்பில் அது நீக்கப்பட்டது. உலகுக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்திருந்தோரே அதனால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாயினர். நமது முகவரிக்கு மட்டும் அனுமதி தருவதும், எஸ்.எஸ்.எச். சுரங்கத்தின் வழியே செல்வதும் தக்க உபாயங்கள்.

மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதும் முதல் மருந்தாகாது. நிறைந்த வட்டு அதனால் காலியாகாது. அமைப்புகளும் பிழைக்குரிய சான்றும் அழிந்துபோகலாம்.

யந்திரம், மென்பொருள், வட்டு, போர்ட், சுவர் என்னும் இவ்வரிசையில் ஒவ்வொன்றாக நோக்குவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்வோம். செய்ததை, உடன் பணிபுரியும் வேற்றுமொழி அன்பருக்கும் விளங்குமாறு எழுதி வைப்போம். அடுத்த நள்ளிரவில் மணி ஒலிக்கும்போது, அக்குறிப்பு அவருக்கும் நமக்கும் துணை நிற்கும்.