எதுக்குப் போறீங்க?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் அவுட், லேமினேஷன், ஈ.பி. பில், ரயில் டிக்கெட்டோடு விசா விண்ணப்பமும் நிரப்பித் தருகிறேன். பாஸ்போர்ட் சேவா கேந்திரா தாம்பரத்திலேயே இருக்கிறதா, புதுப் பாஸ்போர்ட் வந்த கையோடு சிலர் இங்கே வந்துவிடுவார்கள். "அக்கா, அமெரிக்கா விசா எவ்வளவு?" என்று கத்திரிக்காய் விலை கேட்பதுபோலக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதுக்குப் போறீங்க?"

பதிலிலேயே விசாவின் வகை இருக்கிறது. மகனைப் பார்க்க, ஊர் சுற்ற என்றால் பி2. கம்பெனி மீட்டிங் என்றால் பி1. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து பி1/பி2 என்றே ஒட்டித் தருவார்கள். 2023-ல் இதன் கட்டணம் 185 டாலராக ஏறியது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. படிக்கப் போகிறவர்களுக்கு எஃப்1. பல்கலைக்கழகம் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தை அனுப்பிய பிறகுதான் அதற்கு வழி. மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் தனி. வேலைக்கான எச்1பி-யை நாமாகப் போய்க் கேட்க முடியாது. அங்குள்ள நிறுவனம் நமக்காக மனுப் போட வேண்டும். ஆண்டுக்கு 85,000 இடம், அதற்கும் குலுக்கல். சோழிங்கநல்லூர் ஐ.டி. பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் என்னிடம் வருவது அப்பா அம்மாவுக்காக.

அந்த அப்பா அம்மாக்களில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சிட்லபாக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை மேஜையில் விரித்து, "பத்து வருஷம் குடுத்துட்டான்மா, இனிமே பேரனோடதான்" என்றார். சார், பத்து வருஷம் என்பது போய்வர அனுமதி. ஒரு தடவை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி முடிவு செய்வார். பொதுவாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். அதைத் தாண்டித் தங்கினால் பத்து வருஷ விசாவே செல்லாமல் போகும். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் இங்கே வாடுவது நல்லது.

மகன் கனடாவில் இருந்தால் கதை வேறு. அங்கே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2022 முதல் ஒரே மூச்சில் ஐந்து வருஷம் வரை தங்கலாம். பிள்ளையின் வருமானச் சான்றும், குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 29 நாடுகள். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. லண்டன் அதில் சேராது, அதற்குத் தனி விசா.

விண்ணப்பத்தில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அதோடு சரி. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடக்கும். அப்படி ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம்! அங்கே பாங்கிலும் லைசென்ஸ் ஆபீசிலும் அதுவே பின்னால் வரும். ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள் என்பேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்திலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்கள்தான்; தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்கள் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்கிறவர் அங்கேயே குடியேறத்தான் வருகிறார் என்று அது முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. பென்ஷன், சொந்த வீடு, இங்கேயே இருக்கும் இன்னொரு மகள், இவற்றை வாயால் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. கொண்டுபோன ஃபைலை அவர்கள் திறக்காமலே அனுப்புவதும் உண்டு. மறுத்தால் அப்பீல் கிடையாது, மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். விமான நிலையத்துப் பக்கம் விசா கணபதி என்றே பெயர்பெற்ற சின்னக் கோவில் ஒன்று இருக்கிறது. போய்க் கும்பிடுங்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் புத்தியையும் சேர்த்துக் கேளுங்கள்.

என்னைப் பயமுறுத்துவது அமெரிக்கா அல்ல, "விசிட் விசால போ, அங்க போனதும் மாத்திக்கலாம்" என்கிற ஏஜென்ட். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி, அரசு தலையிட்ட பிறகே ஊர் திரும்பினார்கள். பத்தாவது தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

முடிச்சூரிலிருந்து ஓர் அம்மா மகனுக்காக வந்து, ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறான் என்றார். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம் என்று சொல்லி, "எண்ணை வாங்கிட்டு வாங்கம்மா" என்றேன். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருப்பதையும் எழுதிக் கொடுத்தேன். எண் கேட்டதும் ஏஜென்ட் போனை எடுப்பதில்லையாம். பையன் இப்போது கிண்டியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறான்.