விலையும் கொலையும்
தொடர் – 9

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1836-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, சுமார் 12.8 லட்சம் பேரைக் காட்டுகிறது. அதில் 1,64,864 பேர் அடிமைகள். ஏறக்குறைய எட்டில் ஒருவர்! இன்று மருத்துவக் கல்லூரியால் அறியப்படும் காரக்கோணமும், பக்கத்துப் பாறசாலையும், நெய்யாற்றின்கரையும், தெற்கே நாஞ்சில் நாட்டு வயல்களும் அந்தச் சமஸ்தானத்து மண்தான்.

புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், தனியாகவும் விற்கப்பட்டார்கள். ஒற்றி வைக்கலாம், வாடகைக்கும் விடலாம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடியெடுத்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் ஆள் விற்ற ஆவணங்களும் உண்டு. அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது. குடியானவர்களிடம் வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. 1812-ல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார். ஆனால், வயலில் உழைத்த சாதிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் வைத்தார். அடிமைகளில் பெரும்பாலோர் வயலில்தான் இருந்தார்கள்.

இதை இனப்படுகொலை எனலாமா?

1944-ல் அந்தக் குற்றத்துக்குப் பெயர் வைத்தவர் போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின். 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, பிணங்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு கூட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. அந்த நோக்கத்தோடு ஒரு கூட்டத்தின் குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் சேர்த்தாலே குற்றம்தான். திருவிதாங்கூரிலும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விற்றார்கள். நோக்கம் பணம். அடிமையின் உடைமையாளருக்கு அவன் உயிர் தேவை. அவன் பிள்ளைகளும் தேவை. அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் வழியிலேயே மடிந்தார்கள். வியாபாரி அதை நஷ்டக் கணக்கில் எழுதினான்.

அடிமை உழைப்பும் இனப்படுகொலையும் ஒரே இடத்தில் சந்தித்ததும் உண்டு. 1904-ல் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்களைச் சுட்டுத்தள்ள ஆணையிட்டார் ஜெர்மன் தளபதி ஃபான் டிரோதா. தப்பியவர்களை முகாம்களில் அடைத்து, ரயில் பாதை போட வைத்தார்கள். 2021-ல் ஜெர்மனி அதை இனப்படுகொலை என ஒப்புக்கொண்டது.

அடிமை முறை முடிந்த விதமோ வேறு. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தோடு 2 கோடி பவுன் நஷ்டஈட்டையும் ஒதுக்கியது. அது போனது உடைமையாளர்களுக்கு. திருவிதாங்கூரில் மிஷனரிகளின் மனுக்களும் சென்னை அரசின் நெருக்கடியும் சேர்ந்து, 1855 ஜூனில் உத்திரம் திருநாள் மகாராஜாவை விடுதலை அறிவிப்பு வெளியிட வைத்தன. ஆள் விடுபட்டான், நிலம் பழைய கைகளிலேயே இருந்தது. அதே வயலில் அதே வேலை தொடர்ந்தது.

அறிவிப்புக்கு எட்டு ஆண்டுகள் கழித்து வெங்கானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. 1893-ல் தம் சாதிக்கு இருந்த தடையை மீறி வில்லுவண்டியில் பொதுச்சாலையில் போனார். நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அவர் அழைத்துப்போக, ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1912-ல் திருவிதாங்கூரின் மக்கள் சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அய்யன்காளி தம் மக்களுக்கு நிலம் கேட்டுப் பேசினார். விடுதலை அறிவிப்பு வந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)