கடலோடிகள் சொன்னதும் சீனர்கள் எழுதியதும்

சென்ற வாரம் யுவான் சுவாங்கோடு காஞ்சிபுரம் வரை வந்தோம். அவர் தரைவழியே வந்தவர். இந்த வாரம் கடல்வழி.

மண்டபத்தூரில் படகேறிக் கரையை வலப்பக்கம் வைத்துத் தெற்கே போனால் காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் கடந்து சுமார் 25 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். இந்தக் கரை 7ஆம் நூற்றாண்டிலேயே சீன ஏட்டில் ஏறிவிட்டது. சுமத்ராத் தீவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கி எழுதிய சீன பிக்கு ஈ-சிங், கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் முப்பது நாள், அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள் என்று கணக்குத் தருகிறார். வூசிங் என்ற இன்னொரு பிக்கு அந்த வழியில் வந்து போனவர். வந்து பார்த்தவரின் கணக்கு என்பதால் இன்றைக்கும் அது நம்பும்படி இருக்கிறது.

நேரில் பாராமல் எழுதியபோது என்ன ஆயிற்று? ராஜராஜ சோழன் அனுப்பிய தூதர்கள் 1015இல் சீனத் தலைநகரை அடைந்தார்கள். குவாங்சோ துறைமுகம் சேரவே 1150 நாள் ஆனது என்று சோங் அரசமரபின் வரலாறு சொல்கிறது. அனுப்பிய அரசனோ முந்தைய ஆண்டே மறைந்துவிட்டான். பத்தாண்டு கழித்து, 1025இல், ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். இத்தனைக்கும் பிறகு, 1106இல் பர்மாவின் பாகானிலிருந்து வந்த தூதருக்கு என்ன மரியாதை செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது என்று சீன அதிகாரிகள் குறித்து வைத்தார்கள். வென்றவன் தோற்றவனுக்குக் கீழே போய்விட்டான்! சீனத்துக்கும் சோழநாட்டுக்கும் நடுவே மலாக்கா நீரிணையில் இருந்த ஸ்ரீவிஜயத்தார் தங்கள் வணிகத்தைக் காக்கக் கொடுத்த தகவல்தான் இதற்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் தான்சென் சென்னின் வாதம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

சாவ் ஜுகுவா இன்னொரு வகை. குவான்சோவில் கடல் வணிகக் கண்காணிப்பாளராக இருந்த இவர், துறைமுகத்துக்கு வந்த வணிகர்களைக் கேட்டும் பழைய நூல்களைப் பார்த்தும் 1225இல் அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சோழநாட்டுக்குத் தனிப் பகுதியே உண்டு. மூலப்படி தொலைந்துபோனது. 1408இல் கையாலேயே எழுதி முடித்த யோங்லெ பெருங்களஞ்சியத்தில் அதைப் படியெடுத்து வைத்திருந்ததால்தான் நம் கைக்கு வந்தது. பெயர் தெரியாத அந்த எழுத்தர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வாங் தாயுவான். இளவயதிலேயே இருமுறை கப்பலேறியவர். 1349இல் முடிந்த அவருடைய நூலில் ‘மண் கோபுரம்’ என்றொரு பகுதி வருகிறது. சமவெளியில் பல ஆள் உயரச் செங்கல் கோபுரம். அதில் சீன எழுத்து. 1267இல் கட்டி முடித்ததாகச் செய்தி. இதை நாகப்பட்டினத்துக் கோபுரம் என்றே அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள்.

அந்த ஊரில் ‘சீனக் கோபுரம்’ என்ற பெயரோடு மூன்றடுக்குச் செங்கல் கட்டடம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. உள்ளூரில் அது புதுவெளிக் கோபுரம். கடலில் வருவோர் அதை அடையாளம் வைத்துத்தான் கரையைக் கண்டுகொண்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்து விவரம் எழுதிவைத்தார். 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு இயேசு சபையார் இடித்துவிட்டார்கள். வாங் தாயுவான் பார்த்த கோபுரம் அதுவேதானா என்று செங்கல்லையும் அடித்தளத்தையும் கொண்டு சோதித்திருக்கலாம். அந்த வாய்ப்பு அன்றோடு போயிற்று. மன்னிக்க முடியாத இழப்பு இது.

சீனர்களே தமிழில் வெட்டிய கல்வெட்டு ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல் 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது; சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. கொழும்புக்குப் போகிறவர்கள் தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். அடுத்த வாரம் அந்தக் கல்லைப் படிப்போம்.

(தொடரும்)